கட்டுச்சோற்றுக்கு ஒரு டிரைவர்

வியாழக்கிழமை காலைப் பலகாரம் முடிந்த கையோடு, நாமக்கல் முதலைப்பட்டிப் பிரிவில் இருக்கும் மயில்சாமியின் வீட்டில் கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு வந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு:

சாப்பாட்டு மேசையில் வாசலைப் பார்த்த நாற்காலியில் மயில்சாமி. அவருக்கு வலப்பக்கம் மகன் நவநீதகிருஷ்ணன். மாவுக்கட்டுப் போட்ட காலைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தான். ஜன்னலோரம் மயில்சாமியின் மனைவி சென்னியம்மாளின் அண்ணன் சின்னண்ணன். கோழிப்பண்ணையிலிருந்து மொபெட்டில் நேராக வந்தவர், தலைத்துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்த செல்போனுக்குள், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, மகள் கிருத்திகா. ஒன்பதாம் மாதத்து மூச்சு வாங்கலோடு அவளும் ஒரு நாற்காலியில்தான் இருந்தாள்.

சென்னியம்மாளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் ஒரு மடித்த தார்ப்பாய் இருந்தது. அதனால் அவள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

கூடிய காரியம் சின்னதுதான். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போய், அன்றைக்கே திரும்பி வர வேண்டும். ஆனால் சும்மா போவதல்ல. வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஊட்டி, பொழுது சாய்வதற்குள் பிறந்த வீட்டு வண்டியில் அவளை அழைத்து வர வேண்டும். கட்டுச்சோறு என்றால் அதுதான்.

பிறந்த வீட்டில் வண்டிக்குக் குறையில்லை. வெள்ளைக் கார் ஒன்று துடைத்து வைத்த வெண்கலம் போல் போர்ட்டிகோவில் நின்றது. குறை ஓட்டுகிறவருக்குத்தான். கௌஹாத்திக்கும் ஸ்ரீநகருக்கும் லாரி ஓட்டிய மயில்சாமியை, கண் அழுத்தம் பார்த்த டாக்டர் இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஏணி சறுக்கி, நவநீதகிருஷ்ணன் கணுக்காலை உடைத்துக்கொண்டான். இரண்டும் ஒரே வாரத்தில்.

இந்தச் சேதி செவ்வாய்ப்பேட்டைக்கு எட்டியதும் சம்பந்தியம்மாள் ஜோதியம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஜோதியம்மாளுக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் காதுமெஷின் கீச்சென்று கத்தும். அதனால் நிச்சயதார்த்தம் முதலாக இரண்டு சம்பந்தியம்மாள்களும் தபாலில்தான் பேசிக்கொள்கிறார்கள். கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. 'சம்பந்தி கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவர். வீணாகச் சிரமப்பட வேண்டாம். எங்கள் காரையும் டிரைவர் ரமேஷ்குமாரையும் அனுப்புகிறோம். எல்லோரும் அதிலேயே வந்து, அதிலேயே பெண்ணை அழைத்துப் போகலாம்' என்று எழுதியிருந்தார்.

மயில்சாமி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இரண்டு நாள் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் இந்தக் கூட்டத்தைக் கூட்டினார்.

"கிழமையை மொதல்ல முடிவு பண்ணுங்க," என்றார்.

"நாளைக்கே போயிட்டா என்னங்கப்பா?" என்றான் நவநீதகிருஷ்ணன்.

"வெள்ளிக்கெழமை எந்த ஊட்லடா பொண்ணை வெளிய அனுப்புவாங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"சனிக்கெழமை நல்ல காரியத்துக்கு ஆகாது," என்று சின்னண்ணன் விரலை மடக்கினார். "செவ்வா, புதன் வடக்கே சூலம், சேலம் பக்கமே திரும்பக் கூடாது. வியாழன் போறதுக்கு ஒண்ணுமில்ல, வாரப்ப தெக்கே சூலம்."

"அப்ப போயிட்டு அங்கயே இருந்துக்கலாமுங்களா மாமா?" என்றது போன்.

"ஞாயித்துக்கெழமை எப்படி அம்மிணி?"

"அன்னைக்கு அத்தை ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்குப் போறாங்க மாமா."

"அப்ப திங்கக்கெழமை. காலைல ராகு காலம் வாரதுக்குள்ள படி எறங்கிரோணும்."

"ராகு காலத்தை உடுங்க மச்சான்," என்றார் மயில்சாமி. "நோ என்ட்ரி இருக்குதல்ல, அதைப் பாருங்க."

சொல்லிவிட்டு எழுந்தார். மேசை மேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை ஒரு கோடிக்கு நகர்த்தினார். அது சேலம். சட்னிக் கிண்ணம் நாமக்கல். நடுவில் டம்ளர்களை வரிசையாக வைத்தார்: புதன்சந்தை, புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர். சொம்புக்குச் சற்று முன்னால் ஒரு கரண்டியைக் குறுக்கே போட்டார்.

"இது சீலநாயக்கன்பட்டி. காலைல பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னாலயே டவுனுக்குள்ள நோ என்ட்ரி போட்டுருவான். அதுக்கு முந்தி இந்தக் கரண்டியைத் தாண்டி உள்ள பூந்துட்டாப் பொழச்சோம். இல்லீன்னா மத்தியானம் வரைக்கும் பைபாஸ் ஓரமா நிக்க வேண்டியதுதான். ஆகையினால, கோழி கூவறதுக்கு மின்னாடி எடுக்கறோம். ஆண்டகளூர் கேட்ல டீ. விடியறப்ப டவுன்."

சின்னண்ணன் தலையாட்டினார். "செரியான கணக்கு மாப்ள. போன மாசம் எங்க தீவன வண்டி இப்படித்தான் சிக்கி, சாயங்காலந்தான் உட்டான்."

"சாயங்காலமும் போடறானுங்கப்பா," என்றான் நவநீதகிருஷ்ணன். "திரும்பறப்ப அதுக்கு முந்தி வெளிய வரோணும்."

"வந்தரோணும். டிக்கில தார்ப்பாயைப் போட்டுக்க."

"தார்ப்பாய் எதுக்குங்கப்பா? சோத்துக்கா?"

"மழை வந்தா?"

"காருக்கு மேலதான் கூரை இருக்குதுங்களே."

"எல்லாம் இருக்கட்டும்டா. கயிறும் ஒண்ணு எடுத்து வெய்யி."

சென்னியம்மாள் நிலைப்படியில் நின்று அடுப்புக் கணக்குப் போட்டாள். கோழி கூவும் முன் வண்டி எடுக்க வேண்டுமென்றால் நடுச்சாமத்தில் உலை வைக்க வேண்டும். புளிச்சோறும் எள்ளுச்சோறும் தாங்கும். தேங்காய்ச்சோறு உச்சிப் பொழுதுக்குள் ஊசிப்போய்விடும். கட்டுச்சோற்றில் ஒரு பாத்திரம் ஊசிப்போனால், அது சோற்றோடு நிற்காது. பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமானாலும் சொல்லிக் காட்டுவார்கள்.

இருந்தும் அவளுக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. நோ என்ட்ரியை யார் என்ன செய்ய முடியும்? அந்த வீட்டில் ராகு காலத்துக்குக்கூடப் பரிகாரம் உண்டு. நோ என்ட்ரிக்குக் கிடையாது.

போனுக்குள் கிருத்திகா முகத்தைச் சுளித்தாள். "அப்பா, ஒரு நிமிசம். நோ என்ட்ரி நமக்கு எதுக்குங்கப்பா?"

"எதுக்குன்னா? சேலத்துக்கு வாக்கப்பட்டு ரெண்டு வருசமாகுது, நோ என்ட்ரி தெரியாதா உனக்கு?"

"அது லாரிக்குங்கப்பா! நாம கார்ல வாரமுங்க."

சின்னண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். நவநீதகிருஷ்ணன் கரண்டியைப் பார்த்தான். மூன்று ஆண்களும் பிறந்ததிலிருந்து லாரியைச் சுற்றியே சோறு தின்றவர்கள். ஒருவர் தலைக்கும் அது எட்டவில்லை. தன் தலைக்கும்தான் எட்டவில்லை என்று நினைத்தபோது சென்னியம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். போனுக்குள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத சாமி, வகுறு குலுங்கப் போவுது," என்று சின்னண்ணன் தானும் சிரித்தார். "ஏன் மாப்ள, கார்ல ஒருக்காக்கூடச் சேலம் போனதில்லயா நீங்க?"

"போயிருக்கறேன், கல்யாணத்துக்கு. அன்னைக்கும் வெள்ளெனத்தான் போனேன்."

மயில்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்துக் கிண்ணத்துக்குள் போட்டார். சென்னியம்மாள் அவருடைய காதைப் பார்த்தாள். கோபம் வந்தால் அவருக்கு முகம் மாறாது, காதுதான் சிவக்கும். இது கோபமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. கண் போயிற்று; இப்போது கணக்கும் போயிற்று என்று நினைக்கிறார்.

"செரி," என்றான் நவநீதகிருஷ்ணன், பேச்சை மாற்ற. "பலகாரம் சாப்டுட்டே கெளம்பலாம். ஆனா ஓட்டறது யாருங்கப்பா? அதைச் சொல்லவே இல்லீங்களே."

டம்ளர் டம்ளராக ஊர் வைத்த மனிதர், அந்த ஒன்றை மட்டும் வைக்கவில்லை.

"ஆக்டிங் டிரைவர் ஒருத்தனைப் புடிச்சா என்ன?" என்றார் சின்னண்ணன்.

"பொறந்த ஊட்டு வண்டியில கூலிக்கு ஆளு வெச்சுக் கூட்டியாரதுக்கு, அந்தம்மா அனுப்பற டிரைவரே வரட்டுமே," என்றார் மயில்சாமி.

"நான் ஓட்டறனுங்க," என்றாள் சென்னியம்மாள்.

நிலைப்படியில் சாய்ந்திருந்தவள் நேராக நின்றிருந்தாள். குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே திருப்தி. மகள் கல்யாணம் முடிந்த கையோடு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள் அவள். உழவர் சந்தைக்கும் கோட்டைக்கும் பண்ணைக்கும் அவள்தான் காரை எடுத்துப் போகிறாள். நாலு வழிச்சாலையில் மட்டும் ஏறியதில்லை. அவள் ஓட்டி மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்ததும் இல்லை. அப்படி ஒரு நாள் வந்துவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

"சந்தைக்குப் போறது வேற. பைபாஸ் வேற," என்றார் மயில்சாமி.

"எம் மகளை நானே போய்க் கூட்டியாரோணும்னு ஆசைங்க."

"ஆசைக்கு ஓட்டற ரோடா அது?"

"அம்மா," என்று போனுக்குள் கிருத்திகா குரலைத் தணித்தாள். "அத்தை ஏற்கெனவே பயந்துட்டுத்தான் இருக்கறாங்க. நீ ஓட்டறேன்னு தெரிஞ்சா என்னை அனுப்புவாங்களோ மாட்டாங்களோ."

"நீ வருவியா?"

"நீ ஓட்டுனா நான் கண்ணை மூடிட்டு வருவேன்."

"அது போதும் சாமி. போனை வெய்யி."

மயில்சாமி எழுந்து போர்ட்டிகோவுக்குப் போய்விட்டார். துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்தார். சென்னியம்மாள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க. ஆண்டகளூர் கேட் வரைக்கும் போயிட்டு வந்தர்லாம், வாங்க."

"எதுக்கு?"

"லோடு ஏத்தறதுக்கு மின்ன வண்டியை ஓட்டிப் பாப்பாங்களாமா. நீங்க சொல்லித்தானுங்க கேட்டிருக்கறேன்."

அவர் வலப்பக்கக் கதவு வரைக்கும் போய், கைப்பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். அந்தப் பத்தடியை நடப்பது அவருக்கு எவ்வளவு பாடு என்பது சென்னியம்மாளுக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறும் இடத்தில் நின்றாள். ஒரு பஸ், இரண்டு டேங்கர். விட்டாள். ஒரு கார் தூரத்தில் விளக்கைப் போட்டது. விட்டாள்.

"போலாம்," என்றார் மயில்சாமி.

"இன்னொண்ணு வருதுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து ஒரு பால் வண்டி அவர்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனது. அது வருவது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அவள் வண்டியை மேலே ஏற்றினாள்.

புதன்சந்தைப் பாலம் வரை அவர் ஓயவில்லை. "கியரு. இண்டிகேட்டரு. அவனை உடு. ஓரம், ஓரம்." அவள் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" சொல்லிக்கொண்டே தன் போக்கில் ஓட்டினாள். மாடு ஏற்றிப் போகிற டெம்போவிலிருந்து ஒரு கன்று எட்டிப் பார்த்தது. வண்டி லேசாக இருந்தது. காற்றடித்தால் தள்ளியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பிடித்தும் பிடிக்காமலும் இருக்க வேண்டும் என்பதை முதல் பாலத்திலேயே கண்டுகொண்டாள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப் ஒன்று தெரிந்தது. அதற்கு முன்னால், ஒரு தெருவையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர். இறக்கையின் வால் வண்டியைத் தாண்டி வெகுதூரம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வலது தடம் காலியாக இருந்தது. பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்தியது.

மயில்சாமி வாயைத் திறந்தார். அதற்குள் சென்னியம்மாள் வேகத்தைக் குறைத்துவிட்டாள்.

பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அடித்தான். அவள் நகரவில்லை. அடுத்த நொடி சாலை இடப்பக்கம் வளைந்தது. டிரெய்லர் வளைவில் திரும்ப, அதன் பின்னால் நீண்ட வால் அகல வீசி, காலியாக இருந்த வலது தடத்தைப் பாதி துடைத்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தது. ஹாரன் நின்றது. ஜீப்காரன் கையை வெளியே நீட்டி, இப்போது போகலாம் என்று ஆட்டினான். அவள் விளக்கை ஒரு முறை இமைத்துவிட்டு ஏறிக் கடந்தாள்.

சிறிது தூரம் போன பிறகு மயில்சாமி கேட்டார்: "வாலு வீசும்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"நீங்கதானுங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"சோறு திங்கறப்பவெல்லாம் வேற என்னத்தைப் பேசிருக்கறீங்க? வாலு வீசும், ஏத்தத்துல டீசல் குடிக்கும், மழை பேஞ்ச மொத நாளு ரோடு வழுக்கும். ஒரு நாளாவது கொழம்பு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களா? அதெல்லாம் கேட்டுட்டுத்தானுங்க பரிமாறுனேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது சிவக்கவில்லை என்பதை மட்டும் அவள் பார்த்தாள்.

ஆண்டகளூர் கேட்டில் டீ குடித்தார்கள். திரும்பும்போது அவர் "கியரு" என்றுகூட ஒரு தடவை சொல்லவில்லை. மனசு சரியில்லையோ என்று புதன்சந்தைக்குப் பக்கத்தில் வந்து திரும்பிப் பார்த்தாள்.

மயில்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். தலை கதவில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு.

சென்னியம்மாள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். லாரித் தொழிலில் ஒருவன் ஓட்ட இன்னொருவன் தூங்குவது லேசான விஷயமல்ல. நேஷனல் பர்மிட் ஓட்டிய காலத்தில் மயில்சாமிக்கு மாற்று டிரைவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். நாக்பூர் தாண்டி இரண்டு நாள் முழித்திருந்தாலும், அடுத்தவன் கையில் வண்டி இருக்கும்போது அவர் கண்ணை மூடியதில்லை. 'அவன் ஓட்டுனாத் தூக்கம் வரல' என்று சொல்லி ஆளை மாற்றியிருக்கிறார். அந்த மனிதர் இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். முதலைப்பட்டிப் பிரிவு வரை, ஒரு குழியில்கூட விடாமல், பால் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவள் போல் ஓட்டி வந்தாள்.

போர்ட்டிகோவில் சின்னண்ணன் காத்துக்கொண்டு நின்றார். "என்ன மாப்ள, எப்படி ஓட்டறா எந் தங்கச்சி?"

மயில்சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். "தெரியலீங்க மச்சான். தூங்கிட்டேன்."

சின்னண்ணன் கேலியை விட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே மாவுக்கட்டுக் காலோடு எழுந்து நின்ற நவநீதகிருஷ்ணன், "அப்பா தூங்குனீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு நாற்காலியின் மேல் இருந்த தார்ப்பாயைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டு, "உக்காருங்கம்மா," என்றான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் சம்பந்தியம்மாளுக்குப் பதில் எழுதினாள். புதுச்சத்திரம் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்த கையெழுத்து. கோடு போடாத தாளிலும் கோணாது.

'அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு. நலம், நலமறிய ஆவல். கட்டுச்சோற்றுக்குத் திங்கட்கிழமை காலை வருகிறோம். கார் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்த மனசுக்கு நன்றி. எங்கள் வண்டியிலேயே வந்து எங்கள் வண்டியிலேயே பெண்ணை அழைத்து வருகிறோம். வண்டியை நான் ஓட்டி வருவேன். உங்களுக்குக் கவலை இருக்கும். அவள் எனக்கு ஒரே மகள்.'

அதற்கு மேல் என்ன எழுதுவதென்று பேனாவை நிறுத்தியபோது, "இங்க குடு," என்றார் மயில்சாமி.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஏறியும் இறங்கியும் போகும் எழுத்தில் எழுதினார்:

'சம்பந்தியம்மா அவர்களுக்கு. என் பிழைப்பு முழுக்க ரோட்டிலே போனது. அடுத்தவர் ஓட்டி நான் தூங்கியது இன்றைக்குத்தான். ஓட்டியது என் மனைவி. இப்படிக்கு மயில்சாமி.'

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவர் அதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், சேலமாக இருந்த சொம்பிலிருந்து.

"இதை அனுப்பட்டுங்களா?"

"எழுதுனது அனுப்பத்தான?"

மத்தியானம் தபாலாபீசுக்கும் அவளே காரை எடுத்தாள். அவர் கூப்பிடாமலே வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். விரைவுத் தபால் வரிசையில் நின்று, உறைக்குப் பசை தடவப் போகிற நேரத்தில், கைப்பையில் செல்போன் சிணுங்கியது. கிருத்திகாவிடமிருந்து செய்தி.

'அம்மா, அத்தை ரமேஷ்குமார் அண்ணனைத் திங்கக்கிழமை காலைல நாமக்கல் போகச் சொல்லிட்டாங்க. டேங்க் நிரப்பியாச்சு. நீ கடுதாசி போடறதுக்கு முன்ன யோசிச்சுக்கோ.'

சென்னியம்மாள் தலையை நிமிர்த்தினாள். வெளியே, வேப்ப மர நிழலில், கார் முன் கண்ணாடியில் விழுந்த எச்சத்தை மயில்சாமி தன் தோள் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ரோடு நன்றாகத் தெரிய வேண்டிய பக்கத்தில்.

"அடுத்தது யாருங்க?" என்றாள் கவுண்ட்டர் பெண்.

அவள் செல்போனைப் பைக்குள் போட்டாள். பசை தடவி உறையை மடித்தாள். நாலு மூலையும் ஒட்டும்படி கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, கம்பிக்கு அடியில் நீட்டினாள்.

"சேலமுங்க. செவ்வாய்ப்பேட்டை."

முத்திரை ஒரு முறை ஓங்கி விழுந்தது. கடிதம் சேலம் பைக்குள் போனது.